காதுக்குப் பின்னால் மூன்று விரல் இடம்: செவி உள்வைப்பும் பனிச்சறுக்குத் தலைக்கவசமும் சந்தித்த வரலாறு

பனியே பெய்யாத நாட்டில் இருந்துகொண்டு பனிச்சறுக்குத் தலைக்கவசம் பற்றி எதற்கு எழுதுகிறீர்கள் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் எமது உறவுகளின் பிள்ளைகள் இன்று சுவிட்சர்லாந்திலும் நோர்வேயிலும் கனடாவிலும் படிக்கிறார்கள். அங்கே குளிர்காலம் வந்தால் பாடசாலையே பிள்ளைகளைப் பனிமலைக்குக் கூட்டிப் போகிறது. அந்தப் பிள்ளைகளில் காதுக்குள் கொக்லியர் இம்ப்ளான்ட் வைத்தவர்களும் இருக்கிறார்கள். "ஹெல்மெட் போட்டால் கருவி கழன்று விழுகிறது, கருவியைப் போட்டால் ஹெல்மெட் இறுகுகிறது, எதை விடுவது?" என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்குக் கடைக்காரர் சொல்லும் பதில் ஒன்று, வைத்தியர் சொல்லும் பதில் இன்னொன்று. இரண்டும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பது வரலாற்றைப் பார்த்தால்தான் விளங்கும். காதுக்குப் பின்னால் மூன்று விரல் அகலமுள்ள ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தை இரண்டு கண்டுபிடிப்புகள், ஒன்றையொன்று அறியாமலே, தமக்கென்று எடுத்துக்கொண்டன. நாம் சொல்லப்போவது அந்தக் கதையைத்தான். சற்று நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

மின்சாரம் காதுக்குள் போன கதை

மின்கலத்தைக் கண்டுபிடித்த இத்தாலியர் அலெசாண்ட்ரோ வோல்ட்டாவை எமது பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் படிக்கிறார்கள். 1800ஆம் ஆண்டு லண்டன் ரோயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒரு விபரீதமான பரிசோதனையைச் சொல்கிறார். தன் இரண்டு காதுக்குள்ளும் உலோகக் கம்பிகளைச் செருகி, தன் மின்கல அடுக்கோடு இணைத்திருக்கிறார். தலைக்குள் ஓர் அதிர்ச்சி, அதன்பின் கெட்டியான ஏதோவொன்று கொதித்துக் குமிழி விடுவதுபோல் ஒரு சத்தம். அதை மீண்டும் செய்ய அவர் விரும்பவில்லை. ஆனால் மின்சாரத்தால் கேள்வி உணர்வை எழுப்பலாம் என்ற விதை அங்கே விழுந்துவிட்டது.

அது முளைக்க ஒன்றரை நூற்றாண்டு எடுத்தது. 1957 பெப்ரவரி 25ஆம் திகதி பரிஸ் நகரில் ஆந்த்ரே ஜூர்னோ, ஷார்ல் எய்ரியே என்ற இருவர், முற்றாகக் கேள்வி இழந்த ஒருவரின் செவி நரம்பருகே மின்முனை வைத்தார்கள். அவருக்குப் பேச்சு விளங்கவில்லை. ஆனாலும் சத்தம் இருக்கிறது என்பது தெரிந்தது. சில எளிய சொற்களையும் பிரித்தறிந்தார். கருவி நீடிக்கவில்லை, செய்தி மட்டும் நீடித்தது. அந்தச் செய்தி அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இருந்த வைத்தியர் வில்லியம் ஹவுஸின் கைக்கு எட்டியது. 1961இல் அவர் தன் முதல் உள்வைப்புகளைச் செய்தார். ஒரே ஒரு மின்முனை கொண்ட அவரது கருவிக்கு 1984இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

இதற்கிடையில் மூன்று நகரங்கள் முக்கியமாகின்றன.

முதலாவது, சுவீடனின் கோதன்பேர்க். எலும்போடு டைட்டானியம் உலோகம் ஒட்டி வளரும் என்பதைக் கண்டவர் பேர்-இங்வார் பிரனெமார்க். பல் வைத்தியத்தில் பயன்பட்ட அந்த அறிவைக் கொண்டு, 1977இல் அன்டர்ஸ் டியெல்ஸ்ட்ரோம் காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் டைட்டானிய ஆணி பதித்து, எலும்பின் வழியே ஒலியைக் கடத்தும் கருவியைப் பொருத்தினார்.

இரண்டாவது, ஒஸ்ட்ரியாவின் வியன்னா. இங்கெபோர்க் ஹொக்மாயர், எர்வின் ஹொக்மாயர் என்ற பொறியியலாளர் தம்பதியர் வடிவமைத்த பல மின்முனைக் கருவி 1977 டிசம்பரில் அங்கே முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைக்கப்பட்டது. பின்னர் அவர்கள் இன்ஸ்புருக் நகரில் தம் நிறுவனத்தை அமைத்தார்கள்.

மூன்றாவது, அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன். கிரேம் கிளார்க்கின் தந்தை ஒரு மருந்தாளர், காது மந்தம். கடையில் வாடிக்கையாளரோடு தந்தை படும் பாட்டைப் பார்த்து வளர்ந்த மகன் காது வைத்தியர் ஆனார். சங்குபோல் சுருண்ட உட்காதுக்குள் மின்முனைக் கம்பியை எப்படி முறியாமல் செலுத்துவது என்று அவருக்கு விளங்கவில்லை. 1977இல் மின்னமரா கடற்கரையில் விடுமுறையைக் கழித்தபோது, ஒரு சங்குக்குள் புல்லின் தாளைச் செருகிப் பார்த்தார். அடிப்பக்கம் விறைப்பாகவும் நுனி மென்மையாகவும் இருந்தால் அது சுருளுக்குள் தானாக வளைந்து போகிறது என்று கண்டார். 1978 ஓகஸ்ட் 1ஆம் திகதி தன் முதல் சத்திரசிகிச்சையைச் செய்தார். 1985இல் பெரியவர்களுக்கும் 1990இல் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் அந்தக் கருவியை வைக்க அமெரிக்கா அனுமதித்தது.

2013இல் கிளார்க், இங்கெபோர்க் ஹொக்மாயர், அமெரிக்கரான பிளேக் வில்சன் ஆகிய மூவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது.

இப்போது கருவியின் அமைப்பைக் கவனியுங்கள். உள்ளே தோலுக்கடியில் ஒரு பகுதி, அதில் ஒரு காந்தம். வெளியே ஒரு வட்டு, அதிலும் ஒரு காந்தம். இரண்டும் தோலை நடுவில் வைத்துப் பிடித்துக்கொள்கின்றன. அந்த வட்டுக்குச் செய்தி அனுப்பும் ஒலிச் செயலி ஆரம்பத்தில் சட்டைப் பையிலோ இடுப்பிலோ வைக்கும் பெட்டியாக இருந்தது. 1990களில் அது சுருங்கி, கண்ணாடிக் காம்புபோல் காது மடலின் மேல் ஏறியது. 2013 முதல், எல்லாம் ஒரே பொத்தானாகி, காதைத் தொடாமல் தலையிலேயே ஒட்டும் வகைகளும் வந்தன. அன்றாட வாழ்வுக்கு இது பெரிய முன்னேற்றம். ஆனால் இடுப்பில் இருந்த பெட்டி தலைக்கு ஏறிய அதே காலத்தில், அந்தத் தலைக்கு இன்னொரு சாமானும் வந்துகொண்டிருந்தது.

தலைக்கவசம் மலையேறிய கதை

பனிச்சறுக்கில் வெகுகாலம் தலைக்கவசம் என்பது வேகப் போட்டி வீரர்களின் பொருள். பொழுதுபோக்குக்காகச் சறுக்குபவர்கள் கம்பளித் தொப்பியோடுதான் போனார்கள். அந்த எண்ணத்தை ஆட்டியது ஒரே வாரத்தில் நடந்த இரண்டு மரணங்கள். 1997 டிசம்பர் 31ஆம் திகதி, கொல்லப்பட்ட செனட்டர் ரொபர்ட் கென்னடியின் மகன் மைக்கேல் கென்னடி அமெரிக்காவின் ஆஸ்பனில் மரத்தில் மோதி இறந்தார். 1998 ஜனவரி 5ஆம் திகதி, பாடகராக இருந்து காங்கிரஸ் உறுப்பினரான சொனி போனோவும் அதேபோல் மரத்தில் மோதி இறந்தார். இருவர் தலையிலும் கவசம் இல்லை.

அமெரிக்காவின் நுகர்வோர் உற்பத்திப் பாதுகாப்பு ஆணைக்குழு 1999 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1997இல் பனிச்சறுக்கில் ஏற்பட்ட தலைக் காயங்கள் 17,500 என்றும், கவசம் அணிந்திருந்தால் அவற்றில் 7,700 தவிர்க்கப்பட்டோ குறைந்தோ இருக்கும் என்றும் அது கணக்கிட்டது. அமெரிக்கப் பனிமலைகளில் கவசம் அணிவோர் 2002/03 பருவத்தில் 25 வீதம். 2013/14இல் அது 73 வீதம். பத்தாண்டில் ஒரு சமூகத்தின் பழக்கமே மாறிவிட்டது.

ஐரோப்பாவிலும் ஒரு விபத்துத்தான் திருப்பம். 2009 புத்தாண்டு தினத்தில், ஜெர்மனியின் துரிங்கியா மாநில முதல்வர் டீட்டர் அல்தவுஸ், ஒஸ்ட்ரியாவில் சறுக்கும்போது ஒரு பெண்ணோடு மோதினார். கவசம் அணிந்திருந்த அவர் பிழைத்தார். கவசம் அணியாத அந்தப் பெண் இறந்துவிட்டார். அதன்பின் கடைகளில் தலைக்கவசம் வேகமாக விற்றது. ஒஸ்ட்ரியாவின் பல மாகாணங்கள் பிள்ளைகளுக்கு அதைக் கட்டாயமாக்கின. இத்தாலி அதற்கு முன்பே, 2005இல், 14 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டாயமாக்கியிருந்தது.

எதை நல்ல கவசம் என்பது? ஐரோப்பாவின் தரம் ஈஎன் 1077. முதலில் 1996இல் வந்தது, 2007இல் திருத்தப்பட்டது. திருத்தத்தில் இரண்டு வகுப்புகள் பிறந்தன. 'ஏ' வகுப்பு தலையின் கூடுதல் பகுதியை மூடும், காதுப் பக்கமும் அதற்குள் அடங்கும். கூரான பொருள் குத்துவதையும் கூடுதலாகத் தாங்கும். 'பி' வகுப்பு காதருகே திறந்திருக்கும் அல்லது மென்மையான காதுத்துணி கொண்டிருக்கும். காற்றோட்டமும் கேட்கும் திறனும் அதிகம், காவல் சற்றுக் குறைவு. அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் எஃப் 2040 இதிலிருந்து வேறுபட்டது. அதில் கவசத்தை விழுத்தும் உயரம் அதிகம். 2013/14 பருவத்திலிருந்து சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் வேகப் போட்டிகளுக்கு இன்னும் கடுமையான சோதனையைக் கொண்டுவந்தது. மென்மையான காதுப்பகுதி உள்ள கவசம் ஸ்லாலம் போட்டிக்கு மட்டும் செல்லும் என்றது.

பார்த்தீர்களா? காவலா, கேள்வியா என்ற கேள்வி தரத்தின் எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. கேட்கும் மனிதர்களை மனதில் வைத்து எழுதியபோதே அப்படி. இந்தச் சோதனைகள் வெற்று உலோகத் தலை ஒன்றில் நடக்கின்றன. அந்தத் தலையில் காதுக்குப் பின்னால் காந்த வட்டு ஒட்டியிருப்பதில்லை.

மோதும் இடம்

கவசம் வேலை செய்யும் விதம் எளிது. உள்ளே இருக்கும் தடித்த நுரை, நாம் ரெஜிபோம் என்று சொல்வோமே அந்த இனம், அடி விழும்போது நசுங்கித் தன்னை அழித்துக்கொள்கிறது. அந்த நசுங்கலில் மோதலின் விசை செலவாகிறது. அதற்குக் கவசம் தலையோடு ஒட்டி இருக்க வேண்டும், ஆடக்கூடாது.

செவி உள்வைப்போ வேறொன்றைக் கேட்கிறது. காந்த வட்டுக்கு மேல் எதுவும் அழுத்தக்கூடாது. இரண்டு காந்தத்துக்கு நடுவில் இருக்கும் தோல் ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கிறது. அதன்மேல் கவசமும் மணிக்கணக்கில் அழுத்தினால் தோல் சிவந்து, நொந்து, புண்ணாகும். எலும்புக் கடத்தி ஆணி வைத்தவர்களுக்கு இன்னும் சிக்கல், ஏனெனில் அது தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மறுபுறம், அந்தத் தலையில் அடி விழுவதும் கூடாது. பலத்த அடியில் உள்ளே இருக்கும் காந்தம் இடம் விலகலாம். பழைய செராமிக் உறைகள் அடிபட்டு வெடித்ததும் உண்டு. ஆகவே உள்வைப்பு உள்ளவருக்கே கவசம் அதிகம் தேவை, அவருக்கே அது பொருந்துவதும் கடினம்.

இங்கேதான் பலர் ஒரு தவறான வழிக்குப் போகிறார்கள். கத்தி எடுத்து உள் நுரையைச் செதுக்கிக் கருவிக்குக் குழி தோண்டுகிறார்கள். குழி தோண்டிய இடத்தில் நுரை இல்லை. நுரை இல்லாத இடத்தில் காவல் இல்லை. அதுவும் உள்வைப்புக்கு நேர் மேலே!

கருவி இல்லாமல் சறுக்கியவர்கள்

இந்த இடத்தில் எவரும் சொல்லாத ஒரு பக்கத்தைப் புரட்டுவோம். செவிப்புலனற்றோரின் உலக விளையாட்டு விழா 1924இல் பரிஸில் ஆரம்பமானது. அதன் முதலாவது குளிர்கால விழா 1949இல் ஒஸ்ட்ரியாவின் ஸீஃபெல்ட் கிராமத்தில் நடந்தது. ஐந்து நாடுகள், 33 வீரர்கள். அன்று உள்வைப்பு என்ற ஒன்றே உலகில் இல்லை. ஸீஃபெல்ட் இருப்பது இன்ஸ்புருக்குக்குப் பக்கத்து மலையில். பிற்காலத்தில் உள்வைப்புக் கருவிகள் செய்யப்படவிருந்த அதே நகரத்தின் அருகில், காது கேளாதவர்கள் கண்ணையும் உடற்சமநிலையையும் நம்பிப் பனியில் இறங்கினார்கள்.

இன்று டெஃப்லிம்பிக்ஸ் என்று அழைக்கப்படும் அந்த விழாவில், போட்டியின்போது எல்லா வீரர்களும் செவிக் கருவியையும் உள்வைப்பின் வெளிப்பகுதியையும் கழற்றிவிட வேண்டும். எல்லோரும் சமமாக நிற்பதற்கான விதி அது. 2024 மார்ச்சில் துருக்கியின் எர்சுரும் நகரில் நடந்த விழாவிலும் அதே விதிதான்.

இன்னொரு விதியும் தெரிந்திருப்பது நல்லது. பனிமலையில் எல்லோருக்கும் பொதுவான பத்து நடத்தை விதிகள் 1967இல் பெய்ரூத் நகரில் நடந்த சம்மேளன மாநாட்டில் ஏற்கப்பட்டன. அவற்றில் ஒன்று சொல்கிறது: பின்னால் வருபவரே முன்னால் போகிறவருக்கு ஆபத்து வராத பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்னால் போகும் பிள்ளைக்குப் பின்னால் வருபவரின் சத்தம் கேட்கவில்லை என்பது அந்தப் பிள்ளையின் குற்றமாகாது. பெற்றோர் இதை நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதிலிருந்து ஒரு வரிசை எமக்குக் கிடைக்கிறது. தலை முதலாவது, கேள்வி இரண்டாவது. கருவியை நகர்த்தலாம், கழற்றலாம், புதிதாக வாங்கலாம். மண்டையோட்டை முடியாது. கேள்வியையும் வைத்துக்கொண்டு தலையையும் காக்க வழி இருந்தால் அதுவே சிறப்பு. இல்லாத நாளில் கருவியைப் பையில் வைத்துவிட்டு, கவசத்தோடு சறுக்குவது தோல்வி ஆகாது. 1949இலிருந்து அந்த வழியில் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

வாங்கும்போது என்ன பார்ப்பது?

1. முதலில் உள்வைப்பு வைத்த வைத்தியரிடமும் செவிப்புலன் நிபுணரிடமும் கேளுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் எப்போது விளையாடலாம் என்பதை அவர்களே சொல்ல வேண்டும்.

2. கருவியை அணிந்துகொண்டே கடைக்குப் போங்கள். இணையத்தில் அளவு பார்த்து வாங்குவது இங்கே சரிவராது.

3. ஈஎன் 1077 அல்லது ஏஎஸ்டிஎம் எஃப் 2040 முத்திரை உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். காது மேல் அணியும் செயலி உள்ளவர்களுக்கு, மென்மையான காதுத்துணி கழற்றக்கூடிய வகை பெரும்பாலும் வசதி. அந்தத் துணிக்குள் இருக்கும் பஞ்சைக் குறைக்கலாம். உட்புற மென்பஞ்சுத் துண்டுகளை எடுக்கலாம், இடம் மாற்றலாம். கடின நுரையைத் தொடவே கூடாது.

4. பின்புறம் திருகி இறுக்கும் வளையமும் கண்ணாடிப் பட்டியும் வட்டின் மேல் படுகின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். 20 நிமிடம் அணிந்திருந்து, கழற்றி, வட்டுக்கடியில் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். சிவந்திருந்தால் வேறு கவசம்.

5. பொத்தான் வகைக் கருவி தடிப்பானது. அதற்குக் கவசத்துக்குள் இடம் இல்லாமல் போகலாம். காது மேல் அணியும் சில வகைகளுக்கு நீண்ட கம்பி வாங்கி, செயலியைச் சட்டைக் கொலரில் கொளுவலாம். அப்போது தலையில் மெல்லிய வட்டு மட்டுமே இருக்கும். இடுப்பில் பெட்டி கட்டிய பழைய காலத்து யோசனை இங்கே திரும்பவும் உதவுகிறது.

6. காந்தப் பூட்டுள்ள நாடிப்பட்டி, காதுத்துணிக்குள் ஒலிபெருக்கி ஆகியவை வேண்டாம். ஹிஜாப் அணியும் பிள்ளைகள் காந்த ஊசியையும் தவிர்க்க வேண்டும். கவசத்துக்குள் மெல்லிய துணி ஒன்றே போதும். மடிப்பு மடிப்பாகத் துணி இருந்தால் கவசம் தலையில் பிடிக்காது.

7. குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும். மாற்றுப் பற்றரியை உடம்பின் சூடு படும் உட்பையில் வையுங்கள். சிங்க்-எயார் பற்றரிக்குக் காற்று வேண்டும், இறுக மூடினால் வேலை செய்யாது.

8. பாவித்த கவசம் வாங்காதீர்கள். ஒருமுறை பலத்த அடி வாங்கிய கவசம் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நசுங்கியிருக்கும். அதேபோல், தலையில் அடிபட்ட பிள்ளைக்குச் சத்தம் வழமைபோல் கேட்டாலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

9. கருவி இல்லாமல் போகும் நாளுக்குக் கைச் சைகைகளை முன்கூட்டியே பேசிவையுங்கள். பயிற்றுவிப்பவர் பிள்ளைக்கு முன்னால் நின்று முகம் தெரியப் பேச வேண்டும்.

எமக்கும் இதில் பாடம் உண்டு

பனி எமக்கில்லை, ஆனால் மோட்டார் சைக்கிள் உண்டு. வாப்பாவின் பின்னால் அமர்ந்து பாடசாலைக்கு வரும் பிள்ளைகளை நாம் ஒவ்வொரு காலையும் பார்க்கிறோம். அவர்களில் காதில் கருவி உள்ள பிள்ளைகளும் உண்டு. "ஹெல்மெட் போட்டால் மிஷின் நோகுது சேர்" என்று பெற்றோர் சொல்லும்போது, பல தடவை அதன் முடிவு கவசம் இல்லாத பயணமாகவே இருக்கிறது. மேலே சொன்ன வரிசை இங்கும் அப்படியே பொருந்தும். பாதையில் போகும் அந்தப் பத்து நிமிடம் கருவியைக் கழற்றிப் பெட்டியில் பத்திரமாக வைத்து, பிள்ளைக்குச் சரியான அளவில் கவசம் போடுங்கள். பாடசாலை வாசலில் இறங்கியதும் கருவியை மாட்டிவிடுங்கள். வகுப்பில் அந்தப் பிள்ளைக்குக் கேட்க வேண்டிய பாடம் நிறைய இருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு இந்தப் பதிவை அனுப்புங்கள். அடுத்த பருவத்துக்குக் கவசம் வாங்கப் போகும் ஒரு பெற்றோருக்காவது பயன்பட்டால் அதுவே எமக்குப் போதும்.